இழுப்பு நோயும் ஸ்டீராய்டு மாத்திரையும்

விலங்கியல் மாணவன் மருந்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நாளமில்லாச் சுரப்பிகள் என்னும் பாடத்தில் தேர்வுக்காக நாம் உருப்போடும் கார்டிசோலின் நெருங்கிய உறவினன்தான், இழுப்பு வந்தவுடன் மருந்துக் கடையில் பலர் கேட்டு வாங்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை. ஆகவே இது நம் பாடப் புத்தகத்துக்குப் புறம்பான செய்தி அன்று.

ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழல் சுருங்குவது என்றே பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். குழலின் உட்சுவர் அழற்சியால் தடித்து, சளி சுரந்து, காற்றுப் போகும் வழியை அடைக்கிறது. சால்பியூட்டமால் சுருக்கத்தை விரிக்கும், அழற்சியைத் தொடாது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு. 1948-இல் அமெரிக்காவின் மயோ மருத்துவமனையில் ஹென்ச் என்பவர் மூட்டுவாத நோயாளிக்குக் கார்டிசோன் கொடுத்துப் பார்த்தார். பலன் கண்டு உலகமே வியந்தது. 1950-இல் கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விரைவிலேயே ஆஸ்துமாவுக்கும் அம்மருந்து வந்து சேர்ந்தது.

கடும் இழுப்பில் இம்மாத்திரை உயிர் காக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அளவில், ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை மருத்துவர் கொடுப்பது வழக்கம். விழுங்கிய சில மணி நேரத்தில் வேலை தொடங்கும். மருத்துவமனையில் படுக்க நேராமலும், நோய் உடனே திரும்பாமலும் காக்கும். “ஸ்டீராய்டா? வேண்டவே வேண்டாம்!” என்று அந்த வேளையில் மறுப்பவர்கள் வீண் துணிச்சல் கொள்கிறார்கள் என்பேன்.

தொல்லை அதற்கு அடுத்த மாதம் தொடங்குகிறது. ஒருமுறை சுகம் கண்டவர் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போகிறார். சீட்டுக்கூட வேண்டியதில்லை, “இழுக்குதுங்க, ஒரு செட் மாத்திரை கொடுங்க” என்றால் போதும். பெயர் தெரியாத மூன்று நான்கு மாத்திரைகள் காகிதத்தில் மடிந்து வரும். அவற்றுள் பொடிசாக ஒன்று பல வேளைகளில் ஸ்டீராய்டுதான். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடைகளில் அந்தச் சட்டத்தை நான் கண்டதில்லை.

மாதக் கணக்கில் இதை விழுங்கினால் முகம் உருண்டையாகிறது. அக்கம்பக்கத்தார் “உடம்பு தேறிவிட்டது” என்று மகிழ்கிறார்கள்! உள்ளே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, எலும்பு மெலிகிறது, கண்ணில் புரை விழுகிறது, குழந்தைகளின் வளர்ச்சி குன்றுகிறது. இவற்றைவிட அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருப்பதால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடுகிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஐந்து நாள் மருந்துதானே என்று ஆண்டுக்கு ஐந்து முறை உட்கொண்டாலும் கூட்டிப் பார்த்தால் ஒரு கிராம் ஆகிவிடும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்வதும் கேடு செய்கிறது என இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன.

இதில் விந்தை என்னவென்றால், மாத்திரைக்கு அஞ்சாத நம் மக்கள் இன்ஹேலருக்கு அஞ்சுகிறார்கள். “பழகினால் விட முடியாது” என்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அதை அரிசிப் பானைக்குள் ஒளிக்கும் வீடுகளும் உண்டு. கணக்குப் பாருங்கள்: புடசொனைடு இன்ஹேலரில் ஓர் இழுப்பு 200 மைக்ரோகிராம். வழக்கமான ஒரு சிறிய பிரெட்னிசோலோன் மாத்திரையே 5 மில்லிகிராம்; அதாவது இருபத்தைந்து இழுப்புகளின் எடை. புடசொனைடு வீரியம் மிக்கது என்பதால் எடையை மட்டும் ஒப்பிடுவது முழு நியாயமாகாது. ஆயினும் அது நோயுள்ள இடத்துக்கே நேராகச் செல்கிறது. உடலெங்கும் பரவுவது சிறு பகுதியே. இழுத்தபின் வாய் கொப்பளித்துவிட்டால் வாய்ப்புண் தொல்லையும் குறையும். நாள்தோறும் இதை ஒழுங்காக எடுப்பவருக்கு மாத்திரை தேவைப்படும் நாட்கள் அரிதாகும். வெறும் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019-இல் ஜினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவும் கூறிவிட்டது.

ஸ்டீராய்டு அல்லாத மாத்திரை இல்லையா எனில், மாண்டிலுகாஸ்ட் இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது சிலருக்கு நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் உறக்கக் கேடு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை சிலருக்கு ஏற்படுவதால், அந்நாட்டு மருந்து ஆணையம் 2020-இல் கட்டமிட்ட எச்சரிக்கையை அதன்மேல் ஏற்றியது. நம் கடைகளிலோ சாதாரணச் சளிக்கும் இதைக் கொடுக்கிறார்கள். தேர்வுக் காலத்தில் தூக்கமின்றித் தவிக்கும் நண்பன் என்ன மாத்திரை விழுங்குகிறான் என்று ஒரு முறை விசாரிப்பது நல்லது. தலைவலிக்கு வாங்கும் ஆஸ்பிரின், இபுபுரூபன் ஆகியவையும் அழற்சி தணிப்பவைதாம். ஆனால் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு அவையே இழுப்பைக் கிளப்பிவிடும்.

நம் கல்லூரி விடுதிகளின் முதலுதவிப் பெட்டியில் ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலரும், அதனுடன் பொருத்தும் ஸ்பேசர் குழலும் வைக்க வேண்டும். விடுதிக் காப்பாளரும் மாணவர் இருவரும் அவற்றைக் கையாளும் முறையை அரசு மருத்துவமனையில் கற்று வர, ஒரு பிற்பகல் போதும்.