நாணயம் பார்க்க எந்த லென்சு?

நாணயம் சேர்க்கும் மாணவர்கள் பலர் '40 மடங்கு' என்று பொறித்த பூதக்கண்ணாடியைத் தேடி வாங்குகிறார்கள். அது வீண் செலவு என்பதே என் கருத்து.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த தொலைவு 25 செ.மீ. இதைக் குவிலென்சின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் ஏறக்குறையக் கிடைக்கும். 40 மடங்குக்குக் குவியத் தூரம் சுமார் 6 மி.மீ. இருக்கவேண்டும். கண்ணாடியை முழு உருண்டையாகக் கடைந்தாலும் அதன் குறுக்களவு 8 மி.மீ. அளவுதான் வரும்; ஒரு கொண்டைக்கடலை! அப்படியிருக்க, ரூபாய் நாணயத்தைவிட அகலமான ஒற்றை லென்சில் 40 என்று இருந்தால் நம்பலாமா? சோதித்துப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், தொலைவிலுள்ள மரத்தின் பிம்பத்தை லென்சால் விழச் செய்யுங்கள். லென்சுக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. வந்தால், அது வெறும் இரண்டரை மடங்குதான்!

மெய்யாகவே திறன் மிகுந்த லென்சும் தொல்லையே. 10 மடங்கு என்றால் நாணயத்தை இரண்டரை செ.மீ. அருகே கொண்டுவர வேண்டும். நம் தலையே வெளிச்சத்தை மறைக்கும். 5 மடங்கில் இடைவெளி 5 செ.மீ. முதலில் வாங்க இதுவே ஏற்றது. லென்சைக் கண்ணருகே பிடித்து, நாணயத்தை நகர்த்துங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால், தேய்ந்த எழுத்தும் நிழலால் எடுப்பாகத் தெரியும். (இதற்குக் காசே வேண்டாம்.)

நம் நாட்டு நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலைக் குறியைத் தேடுங்கள். பெரும்பாலும் நட்சத்திரம் ஐதராபாத், சாய்சதுரம் மும்பை, வட்டப்புள்ளி நொய்டா; குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. புள்ளியா, சாய்சதுரமா என்று பிரித்தறிய 5 மடங்கு போதும்.