தவிட்டின் கதை

விருந்தினர் வருகின்றனரென்றால் நம் வீடுகள் சிலவற்றிலே சிவப்புப் புழுங்கலரிசி பின்னே தள்ளப்படும். மல்லிகை மொட்டுப் போன்ற வெள்ளையரிசி முன்னே வரும். வெண்மை செல்வத்திற்கு அடையாளமென்றும், தவிடு வறுமைக்கு அடையாளமென்றும் எண்ணும் வழக்கம் எப்படியோ நம்மிடம் புகுந்துவிட்டது. பொங்கலுக்கும் பூசைக்கும் பச்சையரிசி வேண்டியதே. அதனைக் குறைகூற வரவில்லை. நாள்தோறும் உண்ணும் சோற்றைப் பற்றியே இங்குப் பேச்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் ஆசியாவெங்கும் பரவின. உரலிற் குற்றிய அரிசியில் ஒட்டியிருந்த தவிட்டை அவ்வாலைகள் முற்றாகச் சுரண்டி எடுத்தன. அவை பரவிய இடங்களிலே பெரிபெரி என்னும் நோயும் பெருகிற்று. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து, உயிர் பிரியும். சிங்களத்தில் இயலாமையைக் குறிக்கும் சொல்லினடியாகவே இந்நோய்க்கு அப்பெயர் வந்ததென்பர் பலர். சிறைகளிலும் படைமுகாம்களிலும் சுரங்கங்களிலும் இது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

1886 ஆம் ஆண்டில் ஒல்லாந்த அரசாங்கம் இந்நோயை ஆராய ஒரு குழுவை யாவாத் தீவுக்கு அனுப்பிற்று. அக்குழுவுடன் சென்ற இளம் வைத்தியர் கிறித்தியான் எயிக்மன். நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று நம்பி, பத்தாவியா நகரத்து இராணுவ வைத்தியசாலையை அடுத்திருந்த ஆய்வுகூடத்தில் அதனைத் தேடிக்கொண்டிருந்தார். கிருமி அகப்படவில்லை. ஆனால் 1889 இல் அங்கு வளர்த்த கோழிகள் பெரிபெரி நோயாளரைப் போலவே தள்ளாடத் தொடங்கின. சில மாதங்களின் பின் அவை தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கோழிகளுக்கு வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரன், 'படையினரின் சோற்றைப் படைசாராக் கோழிகளுக்குக் கொடுக்கமுடியாது' என மறுத்துவிட்டான். அதன்பின் அவை தவிடு நீக்காத அரிசியைத் தின்றன, பிழைத்தன. பெயர் தெரியாத அச்சமையற்காரனின் சட்டப்பிடிவாதத்துக்கு மனிதகுலம் கடமைப்பட்டுள்ளது!

எயிக்மன் தாம் கண்டதற்குக் கொண்ட விளக்கம் தவறானது. அரிசி மாவில் ஒரு நஞ்சு இருக்கிறதென்றும், தவிடு அதனை முறிக்கிறதென்றும் அவர் நினைத்தார். நஞ்சு எதுவுமில்லை, தவிட்டிலுள்ள இன்றியமையாத ஒரு பொருள் உடலுக்குக் கிடைக்காமையே நோய் என்று 1901 இற் கூறியவர், அவருக்குப் பின் அவ்வேலையை ஏற்ற கிறைன்ஸ் என்பவர். 1929 இல் நோபெல் பரிசு எயிக்மனுக்குக் கிடைத்தது. கிறைன்சுக்குப் பங்கு கிடைக்கவில்லை. இது எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். மலாயாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்து வைத்தியர் பிறடன் ஒரு விந்தையைக் கவனித்தார். ஈயச்சுரங்கங்களில் வேலைசெய்த சீனர் பெரிபெரியால் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அது தீண்டவில்லை. சீனர் உண்டது தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இதனை அவர் 1907 இல் நூலாகவே எழுதி வெளியிட்டார்.

அக்காலத்திலேயே கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெச்சர் என்னும் வைத்தியர் இதனைச் சோதித்தார். நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றை இலக்கத்தார் ஒரு பக்கம், இரட்டை இலக்கத்தார் மறுபக்கமெனப் பிரித்தார். ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசி, மற்றப் பகுதியினருக்குப் புழுங்கலரிசி. குற்றம் கட்டடத்தில் இருக்குமோவென்று இடையில் இருசாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளையரிசி உண்டவர்களுட் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் எவரும் பெரிபெரியால் இறக்கவில்லை. சோதனை முறை செம்மையானதென்பதில் ஐயமில்லை. ஆனால் தம் சம்மதத்தைச் சொல்ல வகையற்றவர்களே அதற்கு ஆளாக்கப்பட்டனர் என்பதையும் விஞ்ஞானம் கற்கும் மாணவர் மறத்தலாகாது.

நெல்லை ஊறவைத்து, அவித்து, முற்றத்திற் பாய்விரித்துக் காயவிட்ட நம் பாட்டிமார் செய்தது யாது? தவிட்டிலும் முளையிலுமுள்ள பி1 விற்றமின் நீரிற் கரையும் இயல்பினது. ஊறும்போதும் அவியும்போதும் அது நீருடன் அரிசியின் உள்ளே செல்கிறது. மாப்பொருளும் பசையாகிப் பின் இறுகி, அதனை உள்ளேயே அடைத்துக்கொள்கிறது. பின்னர் ஆலையில் தீட்டினாலும் ஒரு பெரும்பங்கு எஞ்சும். பச்சையரிசியிலோ தவிடு போனால் அதுவும் போயிற்று. நீரிற் கரையுமென்பதால், அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவுவதும், கஞ்சியை வடித்து வாய்க்காலில் ஊற்றுவதும் நட்டமே. கஞ்சியை வீணாக்காத வீட்டார் கருமித்தனத்தால் அப்படிச் செய்யவில்லை.

பெரிபெரி இன்று நம் ஊர்களில் அரிது. அதனிடத்தை நீரிழிவு பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 2 இலட்சம் பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2010 இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளையரிசி மிகுதியாக உண்போருக்கு நீரிழிவு கூடுதலாகவும், தவிடு நீக்காத அரிசி உண்போருக்குக் குறைவாகவும் இருக்கக் கண்டது. ஆயினும் சிவப்பரிசியென்று பெயர்சொல்லி மூன்று கோப்பை சோறு உண்பவரை எந்த ஆய்வும் காக்காது.

உணவின் தரம் ஆலையிலே கெடுகிறதெனின், அது உருவாவது எங்கே? வயலில். 1926 இல் றொபேட் மக்கரிசன் என்னும் ஆராய்ச்சியாளர், விசுவநாத்துடன் சேர்ந்து, தென்னிந்தியாவில் வெவ்வேறு உரமிட்டு விளைவித்த தானியங்களை ஒப்புநோக்கினார். மாட்டெருவில் விளைந்ததே கூடிய போசணையுடையதென்பது அவர்கள் முடிவு. பின்வந்த ஆய்வாளர் எல்லோரும் அதே முடிவைக் காணவில்லை. எனினும் மண்ணுக்கு எரு செய்யும் நன்மையில் எவருக்கும் ஐயமில்லை: அது நீரைத் தாங்கும், மண்ணுயிர்களை வளர்க்கும். உமியகற்றிய தவிடு பசுவுக்கு, பசுவின் சாணம் வயலுக்கு, வயலின் நெல் மறுபடி வீட்டுக்கு என்று நம் முன்னோர் ஒரு வட்டத்தை வைத்திருந்தனர்.

அதற்காக அவ்வட்டத்தை ஓர் இரவில் மீட்டுவிடலாமென நினைப்பது பேதைமை. 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. போதிய கூட்டெரு எங்கும் இருக்கவில்லை. மாடுகளும் முன்போல் இல்லை. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பட்டது உழவன். பல்லாண்டு உரத்தில் விளைந்த மண்ணுக்கு, எருவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இரசாயன உரத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே வழியென்று பல விவசாயிகள் அன்றே சொன்னார்கள். கேட்பாரில்லை.

பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் முதலிய நெல்லினங்களை இன்றும் பயிரிடுவோர் வடக்கில் உளர். விளைச்சல் குறைவு, விலை கூடுதல். வாங்குவோர் வெண்மையைக் கேட்டால் ஆலைக்காரர் வெண்மையையே தருவார். அடுத்த முறை நெல்லைக் குற்றக் கொடுக்கும்போது, 'தவிட்டைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அவ்வரிசியை நெடுங்காலம் சேமிக்கவேண்டாம். தவிட்டிலுள்ள எண்ணெய் நாட்பட்டாற் காறிவிடும்.

குரக்கனைப் பற்றி வேறொரு வாரம் எழுதுவோம்.