அரிசி இழுக்கும் காசு

காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா இருந்தால் லட்சக்கணக்கில் தருகிறார்களாம். டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு அதைவிட அதிகமாம். இந்த வாரம் கைப்பேசியைத் திறந்தாலே இந்த வீடியோதான். அனுப்பியவர்கள் அசலூர்க்காரர்கள் இல்லை, எல்லாம் சொந்தபந்தம். பழைய நோட்டு, காசு வாங்குவதாகச் சொல்லி எங்கள் பெயரில் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டது. அதை மட்டும் யாரும் எனக்கு ஃபார்வர்டு செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்திலிருந்து அக்கா மகன் வந்தான். கர்ச்சீப்பில் முடிந்துவைத்திருந்த செம்புக் காசை மேசைமேல் வைத்தான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818. “மாமா, இது அரிசிய இழுக்குமாமுங்க. அம்பதாயிரம் சொல்றாங்க” என்றான்.

இரிடியம், கோபுரக் கலசம், அரிசி இழுக்கும் செம்பு என்று நம் பக்கத்தில் பணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி இங்கே எழுதிச் சலித்துவிட்டேன். செம்பு அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளும் காசுக்கடியில் காந்தமும் இருந்தால் இழுக்கும். அது கிடக்கட்டும். இந்தக் காசு தன் வாயாலேயே பொய் என்று சொல்கிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தபோது இங்கே நடந்தது வராகன், பணம், காசுக் கணக்கு. சென்னை ராஜதானிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வெள்ளி ரூபாய் வராகனின் இடத்தைப் பிடித்ததே 1818இல்தான். கம்பெனியின் பெயர் போட்ட அரை அணாச் செம்புக்காசு 1830களில்தான் வந்தது. அதில் ராமரும் இல்லை, சீதையும் இல்லை. இதே ஜாதியில் 1616 என்று ஆண்டு போட்டதும் விற்கிறது. கம்பெனிக்காரன் சென்னையில் இடம் வாங்கியதே 1639இல்.

இதைச் சொன்னதும் பையன் விடவில்லை. “செவ்வாய்ப்பேட்டை பட்டறையில காட்டினேனுங்க மாமா. நல்ல செம்புன்னாங்க.”

நம்மூர்க் கோளாறே இதுதான். சேலம் கொலுசுக்குப் பேர்போன ஊர். வெள்ளியைக் கையில் வாங்கியதுமே தரம் சொல்லும் ஆட்கள் செவ்வாய்ப்பேட்டையில் சந்துக்குச் சந்து உண்டு. உரைகல்லும் தராசும் உலோகத்தைப் பற்றிச் சொல்லும், காசைப் பற்றிச் சொல்லாது. கொங்கு முழுக்கப் புழங்கிய வீரராயன் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிராம்கூட இல்லாத துளித் தங்கம். அதே அச்சில் மாலைக்குக் கோக்க ஆசாரிகள் புதிதாக அடித்ததும் ஏராளம். அதுவும் தங்கம்தான். தங்கம் நிஜம், காசு பொய்.

இன்னொன்று, பழைய வாசகர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். ஆமாம், புளி. பூமியில் கிடைத்த செம்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்று எழுதியதற்கு “பித்தளைக் குத்துவிளக்கை மட்டும் தேய்க்கலாமா?” என்று கேட்டு ஒரு அம்மணி கடிதம் போட்டார். தேய்க்கலாம் தாயே, குத்துவிளக்குக்கு வயது சொல்ல வேண்டிய வேலை இல்லை. மண்ணுக்குள் கிடந்த செம்பின் மேல் பச்சையும் கருப்புமாய்ப் படியும் தோல்தான் அதன் சாட்சி. ஒரு கை புளியில் அந்தச் சாட்சி சாக்கடைக்குப் போய்விடுகிறது. போலிக்காரன் அந்தத் தோலுக்காக எவ்வளவு பாடுபடுகிறான் தெரியுமா? ஜெர்மனியில் பெக்கர் என்று ஒரு கில்லாடி, 1830இல் செத்துப்போனான். புதிதாக அடித்த ‘பழைய’ காசுகளை இரும்புத்தூளும் மசகும் கலந்த பெட்டியில் போட்டு, குதிரைவண்டிக்கு அடியில் கட்டி ஊர் சுற்றுவானாம், தேய்ந்து மங்கட்டும் என்று. நாமக்கல்லில் லாரிக்குப் பஞ்சமில்லை. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை.

அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு, காசு சேர்க்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் போனேன். ராமர் காசை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் திப்புவின் யானைக்காசுகள் இரண்டைக் கொண்டுவந்து லென்ஸையும் பையன் கையில் கொடுத்தார். இரண்டிலும் யானையின் வால் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. இரண்டிலும் முன்காலுக்குக் கீழே விளிம்பில் ஒரு விரிசல், ஒரே நீளம், ஒரே வளைவு.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க. அப்ப ஒரிஜினல்தானுங்க?” என்றான் பையன்.

“அதனாலதான் கண்ணு சந்தேகம்” என்றார் வாத்தியார்.

கையால் அடித்த காசுக்குக் கீழச்சு பட்டடையில் நிலையாக இருக்கும். தகட்டை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்து, சம்மட்டியால் ஒரு போடு. இங்கிலாந்திலேயே 1662 வரை இப்படியும் அடித்தார்கள். அச்சு ஒன்றாக இருக்கலாம், அடி ஒன்றாக விழாது. வால் ஒன்றில் போகும், தும்பிக்கை இன்னொன்றில் போகும். விளிம்பு வெடிப்பதும் தகட்டுக்குத் தகடு வேறு. அச்சு இரண்டு காசுக்குப் பொதுவாகும், விபத்து பொதுவாகாது. “ரெண்டுல ஒண்ணு தாயா இருக்கலாம். ரெண்டுமே பிள்ளையாவும் இருக்கலாம். ரெண்டுமே நெசம்னு மட்டும் சொல்ல முடியாதுங்க” என்றார் என்னிடம்.

தாய்க்காசிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்தின் அடி மழுங்கியிருக்கும், பொடிக் குழிகள் தெரியும், விளிம்பில் அச்சுக்கோட்டை அரம் போட்ட தடம் இருக்கும். யானையின் வயிறு புதிதாக இருக்க, பள்ளம் மட்டும் தேய்ந்திருந்தால் நம்பாதே என்றார். ஆனால் வார்த்ததெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவின் மிகப் பழைய செம்புக்காசுகளில் வார்த்தவையும் உண்டு. நல்ல காசுகளை வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்தான் கடைசிக் கருவி.

அந்தக் கண்ணுக்கு இந்த நாட்டில் ஒரு காலத்தில் சம்பளமும் மரியாதையும் இருந்தன. பொன்னும் காசும் நோட்டம் பார்க்கும் வண்ணக்கர்கள் சங்கப் புலவர் வரிசையிலேயே இருக்கிறார்கள்: வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான். ஈரோட்டுப் பக்கம் அறச்சலூர் மலைப்பாறையில் தாள எழுத்துகளை அடுக்கி வெட்டிய பழைய கல்வெட்டு இருக்கிறதே, அதை அமைத்தவன் தேவன் சாத்தன், ஒரு மணிவண்ணக்கன். கல்லின் தரம் பார்த்த ஆள் தாளத்தையும் கணக்குப் பார்த்திருக்கிறான்!

அப்படிப்பட்டவர்கள் முன்னால்தான் ரோமானியக் காசுகள் வந்து விழுந்தன. வெள்ளலூரில் 1842இல் ஒரே பானையில் 522 வெள்ளிக்காசுகள். புதுக்கோட்டையில் 1898இல் 501 பொற்காசுகள், பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் ஓர் உளிவெட்டு. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்த்தார்களா, இனி இது காசு இல்லை, வெறும் பொன் என்று ரத்து செய்தார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் கட்சி இரண்டாவது. சோதிப்பதுதான் நோக்கமென்றால் விளிம்பில் ஒரு கீறல் போதுமே, முகத்தைத் தேடிப் பிடித்து வெட்டுவானேன்?

பரமத்தியிலோ சங்ககிரியிலோ கிணறு வெட்டும்போது பானை அகப்பட்டால் வீடியோக்காரனைக் கூப்பிடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது, பத்து ரூபாயும் அப்படியே இருக்கிறது.