இடிக்குமா, இடிக்காதா? பாலத்துக்கு அடியில் ஒரு சொகுசுக் கப்பல்!

இன்னும் விடியவில்லை. அட்லாண்டிக் குளிர்காற்று முகத்தில் அறைகிறது. லீவுக்கு சொகுசுக் கப்பலில் வந்தவர்கள் இந்த நேரத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். ஆனால், ‘குயின் மேரி 2’ கப்பலின் மேல்தளத்தில் நல்ல கூட்டம். இரவு உடைக்கு மேலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்த தாத்தா பாட்டிகள், அப்பாவின் தோளில் அரைத் தூக்கத்தில் குழந்தைகள், ஒரு கையில் காபி கப்பும் மறு கையில் செல்போனுமாக இளசுகள்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பி, ஒரு வாரம் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வந்தவர்கள் இவர்கள். நியூயார்க் வந்துவிட்டது. ஆனால், அவர்கள் காத்திருப்பது நகரத்தைப் பார்க்க இல்லை. ஒரு பாலத்தைப் பார்க்க!

தூரத்தில் முத்துமாலை மாதிரி விளக்குகள் தெரிகின்றன. கிட்டே வர வர மாலை பெரிதாகிறது. அப்போதுதான் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார்கள். தலைக்கு மேலே நிற்கும் கப்பலின் சிவப்புப் புகைபோக்கி, பாலத்தைவிட உயரமாகத் தெரிகிறது. பாலமோ நேராக அதை நோக்கி வருகிறது. பேச்சு நிற்கிறது. ‘இடிக்கப்போகிறது’ என்று நூறு சதவிகிதம் தோன்றும் அந்தக் கடைசி நொடியில், தன் தலைக்கும் பாலத்துக்கும் எத்தனையோ அடி இடைவெளி இருப்பது தெரிந்தும் சிலர் குனிந்தேவிடுகிறார்கள். அடுத்த நொடி, பாலத்தின் இரும்பு அடிவயிறு புகைபோக்கிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. கைதட்டல். விசில். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாமலேயே ஒரு கட்டிப்பிடி.

அந்தப் பாலத்தின் பெயர் வெராஸானோ நேரோஸ். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியையும் ஸ்டேட்டன் தீவையும் இணைக்கிறது. 1964 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டபோது உலகின் மிக நீளமான தொங்கு பாலம் இதுதான். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,298 மீட்டர். 1981-ல் இங்கிலாந்தின் ஹம்பர் பாலம் வரும்வரை அந்தப் பெருமை இதனிடம்தான் இருந்தது. 1524-ல் இந்த வழியாகக் கப்பலில் வந்த இத்தாலியர் ஜியோவானி டா வெராஸானோவின் பெயரை வைத்தார்கள். வைத்தவர்கள் ஓர் ‘இஸட்’டை விட்டுவிட்டார்கள். ஸ்பெல்லிங்கைத் திருத்த 2018 வரை ஆனது!

கண் ஏன் ஏமாறுகிறது?

முதலில் அந்தத் திகிலைப் பார்த்துவிடலாம். நீளமான ஒரு தெருவில் நின்று விளக்குக் கம்பங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரம்தான். ஆனால், பக்கத்தில் இருப்பதை அண்ணாந்து பார்க்க வேண்டும். தெருக்கோடியில் இருப்பது கண் மட்டத்துக்கே இறங்கிவிட்டதுபோலத் தெரியும். கப்பலில் நடப்பதும் அதேதான். புகைபோக்கி பக்கத்தில் இருப்பதால் உயரமாகத் தெரிகிறது. பாலம் தூரத்தில் இருப்பதால் தாழ்வாகத் தெரிகிறது. பாலம் கிட்டத்தட்ட தலைக்கு மேலே வந்த பிறகுதான் கண் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அதற்குள் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால், பயம்தான் பொய். இடைவெளி குறைவு என்பது பொய்யில்லை.

கடல் நீர் ஏறியிருக்கும் நேரத்தில், வெராஸானோ பாலத்தின் நடுப்பகுதிக்கும் தண்ணீருக்கும் இடையே 228 அடி, அதாவது 69.5 மீட்டர் இருக்கும். 1960-களில் அது தாராளமான உயரம். பிறகு கப்பல்கள் மாடி மேல் மாடியாக வளர்ந்தன. பாலம் வளரவில்லை. கடலிலிருந்து நியூயார்க்கின் பெரிய துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமானால் இந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எனவே, எங்கோ ஐரோப்பாவில் மேஜை மேல் காகிதத்தை விரித்துக் கப்பல் வரைகிறவர், முதலில் நியூயார்க் பாலத்தின் உயரத்தை ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குயின் மேரி 2-ஐ வடிவமைத்த ஸ்டீபன் பெய்னுக்கும் அதே தலைவலி. 345 மீட்டர் நீளமுள்ள கப்பல். அதற்கு முந்தைய ‘குயின் எலிசபெத் 2’ கப்பலில் இருந்ததுபோல ஒல்லியாக, உயரமாக ஒரு புகைபோக்கி வைத்தால் அழகாக இருந்திருக்கும். பாலம் இடம் கொடுக்கவில்லை. புகைபோக்கியைக் குட்டையாக்கினார்கள். ‘இவ்வளவு பெரிய கப்பலுக்கு இவ்வளவு சின்னப் புகைபோக்கியா?’ என்று கேட்பவர்களுக்கு, 2004 ஏப்ரலில் கப்பல் முதன்முறையாக நியூயார்க்குக்குள் நுழைந்தபோது பதில் கிடைத்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலத்தின் உயரமே நிலையானதில்லை! தொங்கு பாலத்தைத் தாங்குவது எஃகு வடங்கள். வெயிலில் எஃகு நீளும், வடம் தொய்யும், சாலை கீழே இறங்கும். வெராஸானோ பாலத்தின் சாலை, குளிர்காலத்தில் இருப்பதைவிடக் கோடையில் 12 அடி வரை தாழ்ந்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம். கீழே கடல் நீரும் தினமும் ஏறி இறங்குகிறது. மேலே உள்ளதும் ஆடுகிறது, கீழே உள்ளதும் ஆடுகிறது. நடுவில் புகுந்து போக வேண்டும்.

அதனால்தான் பாலத்திலேயே ஒரு சென்சாரைப் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீருக்கும் பாலத்துக்கும் இந்த நிமிடம் எவ்வளவு இடைவெளி என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். கப்பலை உள்ளே கொண்டுவரும் பொறுப்பையும் கேப்டன் தனியாகச் சுமப்பதில்லை. துறைமுகத்துக்கு வெளியிலேயே ஒரு சிறிய படகு வந்து உரசுகிறது. அதிலிருந்து ஒருவர் கயிற்று ஏணியில் தொற்றி ஏறுகிறார். அவர்தான் பைலட். விமானம் ஓட்டுபவர் இல்லை. அந்தத் துறைமுகத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அறிந்த வழிகாட்டி. மேல்தளத்தில் செல்ஃபி எடுப்பவர்களில் பலருக்கு இப்படி ஒருவர் ஏறியதே தெரிந்திருக்காது.

வேகமாகப் போனால்தான் தப்பிக்கலாம்!

வெராஸானோவில் மீட்டர் கணக்கில் இடைவெளி இருக்கிறது. டென்மார்க்கில் ஒரு கப்பல் சென்டிமீட்டர் கணக்கில் தப்பியது.

2009-ல் பின்லாந்தின் துர்க்கு நகரில் ‘ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்’ தயாரானது. 360 மீட்டர் நீளம். அன்றைய தேதியில் உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல். கட்டியாயிற்று, அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டுமே? பால்டிக் கடலிலிருந்து வெளியேற டென்மார்க்கின் கிரேட் பெல்ட் நீரிணைதான் ஒரே வழி. கோபன்ஹேகன் பக்கமுள்ள பாதையில் ஆழம் போதாது. ஜெர்மனியின் கீல் கால்வாயில் பாலங்கள் இன்னும் தாழ்வு.

கிரேட் பெல்ட்டின் குறுக்கே 1998-ல் திறந்த பாலம் நிற்கிறது. தண்ணீரிலிருந்து 65 மீட்டர். கப்பலின் உயரம், தண்ணீருக்கு மேலே 72 மீட்டர்!

கட்டியவர்களுக்கு இது முன்பே தெரியும். அதனால் புகைபோக்கிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள், பழைய ரேடியோவின் ஏரியலை மடக்குவதுபோல. மடக்கிய பிறகும் இடைவெளி மிகக் குறைவு. இங்கேதான் கப்பல்காரர்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள்.

தாழ்வான வாசல் வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? வேகத்தைக் குறைப்போம். அவர்கள் கூட்டினார்கள். 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகம். காரணம் இருக்கிறது. இரண்டு காகிதங்களை முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, நடுவே ஊதிப்பாருங்கள். விலகுவதற்குப் பதில் ஒட்டிக்கொள்ளும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அதேபோல, ஆழம் குறைந்த பாதையில் பெரிய கப்பல் வேகமாகப் போகும்போது, அதன் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் நடுவே தண்ணீர் விரைந்து ஓடுகிறது. அழுத்தம் குறைகிறது. கப்பல் கொஞ்சம் கீழே உட்காருகிறது. மாலுமிகள் இதை ‘ஸ்குவாட்’ என்கிறார்கள். ஜிம்மில் செய்வோமே, அதே வார்த்தைதான்.

அப்படி உட்கார்ந்ததில் கிடைத்தது வெறும் 30 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம்.

நவம்பர் 1, நள்ளிரவு தாண்டிய நேரம். பாலத்தின் மேல் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இரு கரைகளிலும் நூற்றுக்கணக்கான மக்கள் குளிரில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மொத்த விளக்குகளும் எரிய, ஒரு நகரமே நகர்ந்துபோவதுபோல ஒயாசிஸ் வந்தது. புகுந்தது. வெளியே போனது. மேலே மிச்சமிருந்த இடைவெளி 2 அடிக்கும் குறைவு!

பாலத்தால் ஊரின் பிழைப்பே மாறுவதும் உண்டு. அமெரிக்காவின் டாம்பா துறைமுகத்துக்கு முன்னால் நிற்கும் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் உயரம் சுமார் 55 மீட்டர். இன்றைய ராட்சதக் கப்பல்கள் அங்கே எட்டிப்பார்க்கக்கூட முடியாது. சிட்னியில் ஹார்பர் பாலத்தின் உயரம் 49 மீட்டர். பெரிய கப்பல்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே, ஓபரா ஹவுஸுக்கு எதிரே நின்றுவிடும். அந்தப் பக்கம் உள்ள ஒயிட் பே முனையத்துக்குப் போவது சிறிய கப்பல்கள்தான். பயணிகளுக்கு அதில் நஷ்டமில்லை. ஓபரா ஹவுஸைப் பார்த்தபடி டிபன் சாப்பிடலாம்.

கணக்கு தப்பினால்?

2025 மே 17, சனிக்கிழமை மாலை. வெராஸானோவிலிருந்து சில மைல் உள்ளே, நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ளின் பாலம். மெக்சிகோ கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பல் ‘குவாத்தெமாக்’ நகரத்துக்கு விடைகொடுத்துக் கிளம்பியது. சம்பிரதாயப்படி இளம் மாலுமிகள் பாய்மரக் கம்பங்களின் மேல் வரிசையாக நின்றிருந்தார்கள். கப்பல் அந்தப் பாலத்துக்கு அடியில் போகவேண்டியதே இல்லை. போகவேண்டிய திசை கடல் பக்கம். ஆனால், அது பின்னோக்கி நகர்ந்து பாலத்தில் மோதியது. பாலம் சுமார் 41 மீட்டர். கம்பங்கள் சுமார் 48 மீட்டர். மூன்று கம்பங்களின் உச்சியும் முறிந்தன. கப்பலில் இருந்த 277 பேரில் 2 பேர் இறந்துபோனார்கள்.

உயரம் சரியாக இருந்தும் தப்பாத கதை, பால்டிமோர். 2024 மார்ச் 26 நள்ளிரவுக்குப் பின் ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மின்சாரம் போய், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் அப்படியே சரிந்தது. மேலே சாலைப் பள்ளங்களைச் சரிசெய்துகொண்டிருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கப்பலிலிருந்து போன அபாய அழைப்பால், போலீஸ் வாகனங்களைத் தடுத்து நிறுத்த முடிந்தது. இல்லையென்றால் இன்னும் எத்தனை பேரோ. டாலி போய்க்கொண்டிருந்தது கொழும்புக்கு. அதன் 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். விபத்துக்குப் பிறகும் வாரக்கணக்கில் அவர்கள் அந்தக் கப்பலிலேயே இருக்க வேண்டியிருந்தது.

பால்டிமோரிலிருந்து அதே பாலத்துக்கு அடியில் கைதட்டி, கையசைத்துக் கிளம்பிப்போன சொகுசுக் கப்பல் பயணிகள், திரும்பி வந்தபோது பாலமும் இல்லை, வழியும் இல்லை. வேறு மாநிலத்தில் உள்ள நார்ஃபோக்கில் இறங்கி பஸ் ஏறினார்கள். மோதினால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கும்படி, அடுத்த ஆண்டு அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு 68 பாலங்களின் பட்டியலை வெளியிட்டது. கோல்டன் கேட் பாலமும் அதில் இருந்தது.

வெராஸானோவுக்கு அடியில் பயணிக்கும் வாய்ப்பு வந்தால், அலாரம் வைப்பதற்கு முன் முந்தைய நாள் கப்பல் ஊழியர்களிடம் நேரம் கேட்டுவிடுவது நல்லது. ஓதத்தைப் பொறுத்தும் துறைமுகத்தைப் பொறுத்தும் அது மாறும். நிற்பதற்கு நல்ல இடம், புகைபோக்கி முழுதாகத் தெரியும்படி திறந்த மேல்தளத்தில் கொஞ்சம் பின்னால். முன்பகுதியில் நின்றால் பாலம் தெரியும், திகில் தெரியாது. செல்போனில் வீடியோ எடுப்பவர்கள் ஒரு நிமிடம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். கிட்டே வந்த பிறகு எல்லாம் சில நொடிகள்தான்.

பாலம் பின்னால் போனதும் டெக்கில் கூட்டம் கலைவதில்லை. அப்படியே இடப்பக்கக் கம்பிக்கு ஓடுகிறது. தூரத்தில், வெளுக்க ஆரம்பித்திருக்கும் வானத்துக்குக் கீழே, கையில் தீபத்தோடு சுதந்திர தேவி தெரிகிறாள். தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை இப்போதுதான் எழுப்புகிறார்கள்.