காவல் மென்பொருளே கணினியை முடக்கினால்?

2024 ஜூலை 19, பகல் மணி 12.09. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. உலகம் முழுக்க சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ரயில் விடும் கேடிஎம்பி-யின் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது.

ஹேக்கர் யாரும் நுழையவில்லை. வைரஸைப் பிடிக்க, இந்த மென்பொருள் கணினியின் மையமான கெர்னலிலேயே இயங்குகிறது. அங்கே பிழை வந்தால் முழுக் கணினியும் விழும். 78 நிமிடத்தில் அப்டேட் நிறுத்தப்பட்டது. ஆனாலும் விழுந்தவற்றில் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, பழுதான கோப்பை நீக்க வேண்டியிருந்தது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது.

அப்போ ஆன்டிவைரஸே வேண்டாமா? அவசரப்படாதீங்க. உங்கள் கடையின் கணக்கு மென்பொருளை அது திடீரென வைரஸ் என்றால், உடனே ‘அனுமதி’யை அழுத்த வேண்டாம், ஆன்டிவைரஸையும் அழிக்க வேண்டாம். கோப்பு தனிமையிலேயே இருக்கட்டும். ஆன்டிவைரஸை அப்டேட் செய்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. மென்பொருளை விற்றவரிடமும் கேளுங்க. தவறான எச்சரிக்கை என்றால், பெரும்பாலும் அடுத்த அப்டேட்டிலேயே சரியாகிவிடும்.

“நாங்க சரிசெய்து தர்றோம்” என்று தானாக வரும் அழைப்புகளை நம்பாதீங்க. 2024-இலும் போலித் தீர்வுகள் உடனே பரவின. சந்தேகமா? சைபர்999-ஐ 1-300-88-2999 எண்ணில் அழைக்கலாம்.