98 வீதம் சரி என்னும் மாயை

"சத்திரசிகிச்சையின் பின் யாருக்குச் சிக்கல் நேரும் என்பதை எமது கணினி 98 வீதம் சரியாகக் கணிக்கும்" என்று எவரேனும் கூறினால், வாசகர்கள் உடனே தலையசைத்துவிட வேண்டாம்.

மூளையின் ஆழத்தில் மின்வாய் பொருத்தித் தூண்டும் சிகிச்சையை 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பேராசிரியர் பெனாபிட் குழுவினர் நடுக்க நோய்க்கெனத் தொடக்கினர். பார்க்கின்சன் நோயாளர் பலருக்கு அது மறுவாழ்வு. எனினும் குருதிக்கசிவு, கிருமித்தொற்று, பேச்சுத் தடுமாற்றம் என்று அபாயங்களும் உண்டு. அவற்றை முன்னறிய முயல்வது நன்றே. ஆனால் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும்.

100 பேரில் இருவருக்குக் குருதிக்கசிவு நேர்வதாகக் கொள்வோம். 'ஒருவருக்கும் ஒன்றும் நேராது' என்று கண்ணை மூடிக்கொண்டு கூறும் சோதிடனும் 98 வீதம் சரியானவனே! காப்பாற்றப்பட வேண்டிய அந்த இருவரை மட்டுமே அவன் தவறவிட்டிருப்பான்.

மறுபுறமும் பாருங்கள். 1,000 பேரில் கசிவு நேரவிருக்கும் 20 பேருள் 16 பேரை ஒரு கணினி கண்டுபிடிக்கிறது. நலமாக இருக்கப்போகும் 980 பேரில் பத்திலொரு பங்கினரையும், அதாவது 98 பேரையும், தவறாக எச்சரிக்கிறது என்போம். எச்சரிக்கப்படும் 114 பேரில் ஏழுக்கு ஆறு பேர் வீணே அஞ்சுவோர். அவர்களுக்கு வைத்தியசாலை கதவடைத்தால் அந்த இழப்பை எந்தப் பதிவேடு காட்டும்?

இழப்பு சிறிதன்று. 2009இல் வெளியான, 255 நோயாளர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், மின்தூண்டல் பெற்ற 121 பேரில் 49 பேருக்குப் பாரதூரமான பாதிப்பேனும் ஒன்று நேர்ந்தது. ஒருவர் மூளைக் குருதிக்கசிவால் இறந்தார். மருந்து மட்டும் பெற்ற 134 பேரில் அவ்வாறு பாதிக்கப்பட்டோர் 15 பேரே. ஆயினும் மின்தூண்டல் பெற்றோர் தொல்லைதரும் உடலசைவுகளின்றி நன்றாக இயங்கிய நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 மணி கூடியது. மருந்து மட்டும் பெற்றோர்க்கு அது கூடவில்லை. அபாயத்தை மட்டும் எடைபோடும் கணினி, தராசின் ஒரு தட்டை மட்டுமே பார்க்கிறது.

உயர் குருதியமுக்கத்தைக் கட்டுப்படுத்தலாம். குருதி உறையாமைக்கான மருந்தை வேளையறிந்து நிறுத்தலாம். குருதிக்குழாய்களை விலக்கி மின்வாயின் பாதையை வகுக்கலாம். திருத்தக்கூடியதைச் சுட்டும் கணிப்பே வைத்தியம். திருத்த முடியாத வயதைக் காட்டி நோயாளியைத் திருப்பியனுப்பும் கணிப்பு, வைத்தியசாலையின் வெற்றி வீதத்தையே காக்கும்.

எத்தனை பேரைத் தவறவிட்டது, எத்தனை பேரை வீணே அச்சுறுத்தியது என்ற இரு எண்களையும் சொல்லாத எந்தக் கணிப்பையும் நோயாளியின் முன் வைக்கலாகாது. அவை சொல்லப்பட்ட பின்னரும், முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கே உரியது.