பூட்டு யாருக்கு? சாவி யாரிடம்?

நம் தீவுகளுக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் எந்திரத்தோடு வாழ்பவர்கள் ஏராளம். மின் நிலையத்து டீசல் ஜெனரேட்டர், ஐஸ் பாக்டரி கம்ப்ரசர், கப்பல் பட்டறை லேத், 1883 முதல் இயங்கிவரும் சாத்தம் மர அறுவை மில் என்று எங்கு போனாலும் நம்மவர் ஒருவரைக் காணலாம். அவர்கள் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "புதுப் பேனலில் பாஸ்வேர்டு போட்டுவிட்டார்கள். பத்து வருடமாக இந்த எஞ்சினை ஓட்டுகிறேன், எங்களை நம்பமாட்டார்களா?" என்பதே அது.

மனக்குறை நியாயமானதுதான். ஆயினும் பூட்டு வேண்டாம் என்று நாம் சொல்லிவிட முடியாது.

ஒரு டீசல் ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்வோம். மசகு எண்ணெயின் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் எஞ்சின் தானே நின்றுவிட வேண்டும். வேகம் எல்லை மீறினாலும் நிற்க வேண்டும். இந்த அளவுகளைத்தான் செட்டிங் என்கிறோம். அடிக்கடி நின்று தொல்லை கொடுக்கிறதே என்று யாரோ ஒருவர் அந்த அளவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால், அன்றிரவு விளக்கு எரியும். மறுவாரம் கிராங்க் ஷாப்ட் போய்விடும். பெருநிலத்தில் ஓர் எஞ்சின் நின்றால் மின்தொகுப்பிலிருந்து மின்சாரம் வரும். நமக்கு அப்படிக் கைகொடுக்க ஒரு கம்பியும் கடல் கடந்து வருவதில்லை. உதிரிப் பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அதுவரை மருத்துவமனையும் குடிநீர் மோட்டாரும் என்ன செய்யும்?

இது புதிய எண்ணமும் அல்ல. பழைய எஞ்சின்களின் எரிபொருள் பம்பில் உச்ச அளவுத் திருகைக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்திருப்பதை நம் மூத்த மெக்கானிக்குகள் அறிவார்கள். பாய்லரின் சேப்டி வால்வைச் செயலிழக்கச் செய்வதை 1923-ஆம் ஆண்டுப் பாய்லர் சட்டமே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அன்று ஈயம் செய்த வேலையை இன்று பாஸ்வேர்டு செய்கிறது.

ஆனால் அந்தப் பாஸ்வேர்டு எப்படி இருக்கிறது என்பதில்தான் சிக்கல். மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் அது வீட்டுச் சாவியை வாசற்படிக் கல்லுக்கு அடியில் வைப்பதற்குச் சமம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓல்ட்ஸ்மார் என்ற சிற்றூரின் குடிநீர் நிலையத்தில், நீரில் கலக்கும் காஸ்டிக் சோடாவின் அளவு கம்ப்யூட்டரில் 100-லிருந்து 11,100-க்கு ஏற்றப்பட்டது. பணியில் இருந்த ஊழியர் உடனே கவனித்துச் சரி செய்ததால் தீங்கு நேரவில்லை. வெளியார் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றே உலகம் பேசியது. 2023-இல் அந்நகரின் முன்னாள் நிர்வாகி, அது ஊழியரின் கைத்தவறாகவே இருக்கும் என்றார். அந்நிலையக் கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்து இயக்க எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பது விசாரணையில் வெளிவந்தது. யார் செய்தது என்று தெரியாத இடத்தில் யார் மீதும் பழி விழலாம்.

அந்தப் பழி பெரும்பாலும் கீழே இருப்பவன் மீதுதான் விழும் என்பதைப் போபால் நமக்குச் சொல்கிறது. யூனியன் கார்பைடு ஆலையில் அந்த நச்சுத் திரவத்தை 5 டிகிரிக்கு மேல் போகாமல் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்பது விதி. குளிர்பதன இயந்திரமோ 1984 ஜூன் மாதத்திலேயே நிறுத்தப்பட்டது. அதை நிறுத்தியது ஷிப்ட் தொழிலாளி அல்ல, நிர்வாகம். டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் அந்த நிறுவனம், மனக்கசப்புற்ற ஒரு தொழிலாளி தொட்டியில் நீரைக் கலந்ததே காரணம் என்று வாதிட்டது! கீழுள்ள கையை மட்டும் கட்டும் பூட்டு அரைப் பூட்டுதான்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கும் ஊரோடு பேசுவதற்கும் அது பெரும் வரம். ஆனால் வசதி செய்து கொடுத்தால், எங்கோ ஒரு குளிர்சாதன அறையில் இருப்பவரும் இங்குள்ள எந்திரத்தின் செட்டிங்கை மாற்றலாம் என்ற நிலையும் அதனோடு வந்திருக்கிறது. எஞ்சின் அருகில் நிற்பவர் நம் வீட்டுப் பிள்ளை. அவருக்குத் தெரியாமல் மாற்றம் நடக்கலாமா?

எனவே பூட்டை எதிர்ப்பதை விடுத்து, நல்ல பூட்டைக் கேட்போம். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும். வேலையை விட்டுப் போனவருடையதை அன்றே நீக்க வேண்டும். செட்டிங்கை மாற்றியவர் மேலதிகாரியானாலும் கம்பெனி என்ஜினியரானாலும், பெயர், நேரம், பழைய அளவு, புதிய அளவு, காரணம் ஆகிய ஐந்தும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை அடுத்த ஷிப்ட்காரர் படித்துக் கையொப்பமிட்ட பிறகே எந்திரத்தைத் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு மட்டும் எக்காலத்திலும் பூட்டு இருக்கக் கூடாது. ஆபத்தைக் கண்ணால் கண்டவன் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கலாகாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாஸ்வேர்டை நண்பனுக்காகக்கூடக் கொடுக்காதீர்கள்; அது உங்கள் கையொப்பம். நாளை ஏதேனும் நேர்ந்தால், கடல் கடந்து வந்து கட்டிய குடும்பத்தைக் காக்கப்போவது அந்தப் பதிவேட்டின் ஒரு வரியாகவே இருக்கும்.